அரக்குக்கு மாற்று தேடினார்... பேக்கலைட் கிடைத்தது! யார் இந்த லியோ பேக்லேண்ட்?

பிரஷர் குக்கரின் கைப்பிடி பெரும்பாலும் ஏன் கறுப்பாகவே இருக்கிறது? பழைய வீடுகளில் மரப்பலகை மேல் உருண்டையாக ஒரு கறுப்பு சுவிட்ச் இருக்குமே, தட்டினால் 'டக்'கென்று சத்தம் வரும், அது எதனால் ஆனது? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: பேக்கலைட். மனிதன் முழுக்க முழுக்க ஆய்வுக்கூடத்தில் தயாரித்த முதல் பிளாஸ்டிக்.

ஆனா, இதைக் கண்டுபிடித்தவர் பிளாஸ்டிக் செய்ய வேண்டும் என்று ஆரம்பிக்கவில்லை. அவர் தேடியது வேறு. செம்புக் கம்பியிலும் பித்தளை உறுப்புகளிலும் ஓடும் மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்க ஒரு நல்ல மேலுறை வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தேடல் எப்படி உலகத்தையே மாற்றியது? பார்க்கலாம்.

அப்போ என்ன பிரச்சினை?

1880-களில் நகரங்களுக்கு மின்சாரம் வர ஆரம்பித்தது. டைனமோ, மோட்டார், தந்தி, தொலைபேசி என எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது உலோகம். உலோகம் மின்சாரத்தைக் கடத்தும். அது எந்த வழியில் போக வேண்டும் என்று கட்டுப்படுத்துவது, உலோகத்தைச் சுற்றி இருக்கும் மின்காப்புப் பொருள். இன்சுலேஷன் சரியில்லை என்றால் ஷாக் அடிக்கும், மோட்டார் எரியும், கட்டடமே தீப்பிடிக்கும்.

அன்று கையில் இருந்த பொருட்களைப் பாருங்க. ஒவ்வொன்றிலும் ஒரு நல்லது, ஒரு கெட்டது.

பீங்கான் வெப்பத்தைத் தாங்கும். ஆனா சூளையில் சுடும்போது சுருங்கும், அதனால் துல்லியமான சின்ன உறுப்புகள் செய்வது கஷ்டம். கீழே விழுந்தால் உடையும்.

மைக்கா அருமையான காப்புப் பொருள். பெருமளவு இந்தியச் சுரங்கங்களில் இருந்து போனது. ஆனா அது தகடு தகடாகத்தான் கிடைக்கும், நினைத்த வடிவத்தில் வார்க்க முடியாது.

ரப்பர் வளையும், கம்பிமேல் எளிதாக ஏறும். ஆனா அதை உறுதியாக்கச் சேர்க்கும் கந்தகம், செம்பை அரிக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் செம்புக் கம்பிக்கு முதலில் ஈயம் பூசி, அதாவது வெள்ளீயம் பூசி, பிறகுதான் ரப்பர் போட்டார்கள். ரப்பரையே கெட்டியாக்கிய எபோனைட் வெயிலில் கெடும். அதன் மேற்பரப்பில் அமிலப் படலம் உருவாகி, அந்தப் படலம் வழியாகவே மின்சாரம் கசியும்.

பருத்தி நூல், பட்டு நூல், காகிதம் எல்லாம் மலிவு. ஆனா ஈரத்தை உறிஞ்சிவிடும். அதைத் தடுக்க மேலே ஒரு பூச்சு வேண்டும். அந்தப் பூச்சுதான் அரக்கு.

அரக்கு எங்கிருந்து வந்தது?

அரக்குப் பூச்சி என்று ஒரு சின்னப் பூச்சி. புரசு, இலந்தை மாதிரியான மரங்களின் கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சி, தன் உடம்பைச் சுற்றி ஒரு பிசினைச் சுரக்கும். அந்தக் கிளைகளை வெட்டிச் சுரண்டி, உருக்கி, வடிகட்டினால் கிடைப்பது ஷெல்லாக். உலகத்துக்குத் தேவையானதில் பெரும்பங்கு இந்தியாவில் இருந்துதான் போனது.

ஷெல்லாக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசினால் பளபளப்பான, ஈரம் புகாத படலம் கிடைக்கும். மோட்டார் சுருள்களுக்கும் மைக்காத் தகடுகளை ஒட்டுவதற்கும் அதையே பயன்படுத்தினார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் ஷெல்லாக்குக்கு ஏறத்தாழ 15,000 பூச்சிகள் ஆறு மாதம் உழைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. மின்துறையோ வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. விலை ஏறியது. இன்னொரு சிக்கல், ஷெல்லாக் சுமார் 75 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். சூடாகும் மோட்டாருக்குள் இது பெரிய பலவீனம்.

செயற்கையாக ஷெல்லாக் செய்பவருக்குப் பணம் கொட்டும் என்பது அன்றைய வேதியியலாளர்கள் பலருக்கும் தெரிந்திருந்தது. அவர்களில் ஒருவர்தான் நம் கதாநாயகர்.

செருப்புத் தைப்பவரின் மகன்

லியோ ஹென்ட்ரிக் பேக்லேண்ட் பிறந்தது 1863 நவம்பர் 14, பெல்ஜியத்தின் கென்ட் நகரம். அப்பா செருப்புத் தைப்பவர். அம்மா வீட்டு வேலை செய்தவர். பையனைப் படிக்க வைத்தே ஆக வேண்டும் என்று உறுதியாக இருந்தவர் அம்மாதான்.

லியோ உதவித்தொகையில் கென்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1884-ல், 21 வயதில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டார். 1889-ல் அங்கேயே இணைப் பேராசிரியர். அதே ஆண்டு, தனது பேராசிரியர் தியோடர் ஸ்வார்ட்ஸின் மகள் செலினைத் திருமணம் செய்துகொண்டார். கையில் ஒரு பயண உதவித்தொகையும் இருந்தது. இருவரும் அமெரிக்கா போனார்கள்.

திரும்பி வருவதாகத்தான் திட்டம். ஆனா நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் சாண்ட்லர், இங்கேயே இருங்கள் என்று ஊக்கப்படுத்தினார். புகைப்படப் பொருட்கள் விற்கும் நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. கென்ட் நகரின் நிரந்தரப் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, அங்கேயே தங்கிவிட்டார்.

முதல் சில வருஷம் எளிதாக இல்லை. வேலையை விட்டு ஆலோசகராகத் தனியாக இறங்கினார். ஒரே நேரத்தில் பல கண்டுபிடிப்புகளைத் தொட்டார், எதுவும் முடியவில்லை. உடம்பும் கெட்டது, பணமும் தீர்ந்தது. படுக்கையில் இருந்தபோது ஒரு முடிவெடுத்தார்: சீக்கிரம் பலன் தரக்கூடிய ஒரே ஒரு வேலையில் மட்டும் கவனம்.

அந்த ஒரு வேலை, வெலாக்ஸ் என்ற புகைப்படத் தாள். அதுவரை படம் பிரிண்ட் போட வெயிலை நம்பி இருக்க வேண்டும். வெலாக்ஸில் விளக்கு வெளிச்சமே போதும். 1893-ல் லியோனார்ட் ஜேக்கோபியுடன் சேர்ந்து நெப்பெரா கெமிக்கல் என்ற நிறுவனம் தொடங்கினார். 1899-ல் ஈஸ்ட்மேன் கோடாக் அதை 7,50,000 டாலருக்கு வாங்கியது. தொகையைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டார்கள். பேக்லேண்டின் பங்கே வாழ்நாளுக்குப் போதுமானது.

வயது 35. ஹட்சன் ஆற்றங்கரையில் யாங்கர்ஸ் நகரில் பெரிய வீடு. நம்மில் பலர் அதோடு ஓய்வெடுத்திருப்போம். அவர் 1900-ல் ஜெர்மனி போய் மின்வேதியியல் படித்துவிட்டு வந்தார். வீட்டு வளாகத்திலேயே ஆய்வுக்கூடம் அமைத்தார். மின்துறைக்கு என்ன தேவை என்பது அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

பாத்திரத்தில் ஒட்டிய கசடு

பீனால், பார்மால்டிஹைடு. பேக்லேண்ட் கையில் எடுத்த இரண்டு வேதிப்பொருட்கள் இவைதான். முதலாவது தார் எண்ணெயில் இருந்து கிடைக்கும். இரண்டாவதின் கரைசல்தான் நமக்குத் தெரிந்த பார்மலின்.

இரண்டையும் கலந்தால் பிசின் வரும் என்பது புதுச் செய்தி இல்லை. 1872-லேயே ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் பார்த்துவிட்டார். அவர் சாயம் தேடிய ஆள். பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு எதிலும் கரையாத அந்தக் கசடு அவருக்குத் தொல்லையாகத்தான் தெரிந்தது. பின்னாடி வந்த சிலரும் முயன்றார்கள். 1899-லேயே ஆர்தர் ஸ்மித் என்பவர், எபோனைட்டுக்கு மாற்றாக இதைப் பயன்படுத்த பிரிட்டனில் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனா யாராலும் அதை ஒழுங்காகக் கட்டுப்படுத்த முடியவில்லை.

பேக்லேண்டும் உதவியாளர் நத்தேனியல் தர்லோவும் முதலில் தேடியது கரையக்கூடிய பிசின். ஷெல்லாக் மாதிரியே கரைத்துப் பூச வேண்டும் என்பதுதானே எண்ணம்? அப்படி ஒன்று கிடைக்கவும் செய்தது. நோவோலாக் என்று பெயர் வைத்தார்கள். ஆனா சந்தையில் அது எடுபடவில்லை.

இங்கேதான் திருப்பம். ஷெல்லாக் மாதிரியே ஒன்று செய்ய வேண்டும் என்ற கேள்வியை அவர் ஓரமாக வைத்தார். எல்லோரும் தூக்கி எறிந்த அந்தக் கரையாத, உருகாத கசடைத் திரும்பிப் பார்த்தார். ஒரு மின்காப்புப் பொருள் கரையாமலும் உருகாமலும் இருப்பது நல்லதுதானே! குறை என்று ஒதுக்கியது உண்மையில் தகுதி. வேண்டியது ஒன்றுதான்: அது இறுகுவதற்கு முன்னால் வடிவத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

1907: சூடும் அழுத்தமும்

அதுவரை எல்லோரும் செய்த தவறு, வினை கட்டுமீறிப் போகக்கூடாது என்று சூட்டைக் குறைத்தது. சூடு ஏற்றினால் உள்ளிருந்து நீராவியும் வாயுவும் கிளம்பி, கலவை நுரைத்துப் பொங்கும். இறுகியபின் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

இன்சுலேஷனில் இந்த ஓட்டைகள் சும்மா அழகுக் குறை இல்லை. 1 மில்லிமீட்டர் காற்று தாங்குவது சுமார் 3,000 வோல்ட். திடமான நல்ல காப்புப் பொருள் அதைவிடச் சில மடங்கு தாங்கும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால், முதலில் அங்கேதான் பொறி பறக்கும். அங்கிருந்து மெல்ல மெல்ல மொத்தப் பொருளும் அரிக்கப்படும்.

பேக்லேண்ட் நேரெதிராகச் செய்தார். சூட்டை 150 டிகிரி அளவுக்கு ஏற்றினார். கூடவே மூடிய இரும்புப் பாத்திரத்தில் அழுத்தத்தையும் ஏற்றினார். குமிழி உருவாகவே இடம் கொடுக்கவில்லை. அந்தப் பாத்திரத்துக்குப் பேக்கலைசர் என்று பெயர். கிட்டத்தட்ட ஒரு ராட்சத குக்கர்!

பிசின் மூன்று நிலைகளில் இறுகுவதையும் அவர் கண்டார். முதல் நிலையில் அது கரையும், உருகும். இரண்டாம் நிலையில் சூட்டில் இளகும், ஆனா கரையாது. மூன்றாம் நிலை வந்துவிட்டால், அவ்வளவுதான். மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் ஒன்றோடொன்று பின்னி வலையாகிவிடும். மறுபடி எத்தனை சூடு பண்ணினாலும் உருகாது, கடைசியில் கருகத்தான் செய்யும்.

1907 ஜூலை 13-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1909 பிப்ரவரியில் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பர் 7-ல் காப்புரிமை கிடைத்தது.

உலோகத்துக்கு ஏன் இவ்வளவு பொருத்தம்?

பேக்கலைட்டை ஆரம்பத்திலேயே வாங்கியவர்கள் மின்கருவி செய்பவர்கள். அளவுமானிகள் செய்யும் வெஸ்டன் நிறுவனம் அவற்றில் ஒன்று. காரணம் எளிது.

முதலில், பித்தளைத் திருகு, செம்புத் தொடுமுனை எதுவாக இருந்தாலும் அதை அச்சுக்குள் வைத்து, சுற்றிலும் பேக்கலைட்டை அழுத்தி வார்த்துவிடலாம். உலோகமும் காப்பும் ஒரே உறுப்பாக வெளியே வரும்.

இரண்டாவது, சுருங்கும் அளவு. உலோகமும் பிளாஸ்டிக்கும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. வித்தியாசம் அதிகமானால் விரிசல் விழும். பேக்கலைட்டில் மரத்தூள், பருத்தி இழை, மைக்காத் தூள், கல்நார் போன்றவற்றைக் கலந்தார்கள். இதனால் சுருக்கம் குறைந்தது, பலம் கூடியது.

மூன்றாவது, செலவு. அச்சு ஒருமுறை தயார் என்றால் ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். கடைந்து, அறுத்து, தேய்க்கத் தேவையில்லை.

1910-ல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் கம்பெனிகள் தொடங்கின. கார் எஞ்ஜினுக்குப் பொறி பகிரும் மூடி, ரேடியோப் பெட்டி, தொலைபேசி, சுவிட்ச், பிளக் என எங்கும் பேக்கலைட். 1924-ல் டைம் இதழின் அட்டையில் பேக்லேண்டின் படம் வந்தது.

நம்ம ஊர் தச்சர்கள் சொல்லும் 'மைக்கா' ஷீட்டுக்கும் இதில் வேர் இருக்கிறது. காகிதத்தையும் துணியையும் இந்தப் பிசினில் நனைத்து அடுக்கி அழுத்தினால் பலகை கிடைக்கும். மோட்டார்களில் மைக்காவுக்குப் பதிலாக அதைப் போடலாம் என்று 1913-ல் அமெரிக்காவில் இரண்டு எஞ்ஜினியர்கள் ஃபார்மைக்கா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் 'மைக்காவுக்காக' என்று பொருள்படும் பெயர். மின்காப்பாகப் பிறந்தது பிற்பாடு மேஜை, அலமாரிகளுக்கு ஏறியது. கூடவே மைக்கா என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

போட்டியாளர்கள் இல்லையா?

இருந்தார்கள். பிரிட்டனில் ஜேம்ஸ் ஸ்வின்பர்ன் என்ற மின்பொறியாளர் கிட்டத்தட்ட இதே பொருளைத் தனியாகக் கண்டுபிடித்தார். காப்புரிமைக்குப் போனபோது, பேக்லேண்ட் ஒரே ஒரு நாள் முந்திவிட்டார். ஸ்வின்பர்ன் சோர்ந்து போகவில்லை. பித்தளை போன்ற உலோகங்கள் மங்காமல் காக்கும் கெட்டியான லேக்கர் செய்து விற்றார். பிறகு இருவரும் சண்டை போடாமல் பிரிட்டனில் கைகோத்தார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. ரெட்மனால், கண்டென்சைட் என்ற இரண்டு போட்டி நிறுவனங்களோடு வழக்கு நடந்தது. 1922-ல் மூன்றும் இணைந்து பேக்கலைட் கார்ப்பரேஷன் ஆனது.

பேக்கலைட்டின் பலவீனம்

எல்லாம் சரி, இன்று புது வீட்டில் ஏன் கறுப்பு சுவிட்ச் இல்லை?

நிறம் ஒரு காரணம். பீனால் பிசின் இயல்பிலேயே அடர்நிறம், நாளாக நாளாக இன்னும் கறுக்கும். வெள்ளை வேண்டுமென்றால் வேறு பிசின் வேண்டும். உடையும் தன்மை இன்னொரு காரணம்.

ஆனா முக்கியமான காரணம் மின்சாரம் சம்பந்தப்பட்டது. பேக்கலைட்டின் மேற்பரப்பில் தூசியும் ஈரமும் படிந்து சின்னச் சின்னப் பொறிகள் பறந்தால், அந்த இடம் கருகிக் கரியாகிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி தொடர்ந்தால் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே கரியால் ஒரு பாதையே போட்டதுபோல் ஆகிவிடும். காப்பாக இருந்த பொருளே கடத்தியாக மாறும். பொறி அடிக்கடி பறக்கும் இடங்களில் யூரியா, மெலமைன் பிசின்கள் இதைவிட நன்றாகத் தாங்குகின்றன.

கல்நார் கலந்த பழைய வகைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அவற்றை உடைத்து, தேய்த்துத் தூளாக்கினால் அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதோடு, உருகாது என்ற அதே பெருமை குப்பையில் சுமையாகிறது. பேக்கலைட்டை உருக்கி மறுபடி வார்க்க முடியாது.

கடைசி நாட்கள்

பேக்லேண்ட் தம்பதிக்கு மூன்று குழந்தைகள். ஒரு மகள் சிறுவயதிலேயே இறந்துவிட்டாள். நிறுவனத்தை மகன் ஜார்ஜ் நடத்த வேண்டும் என்று அப்பா விரும்பினார். மகனுக்கு அதில் நாட்டமில்லை. 1939-ல் பேக்கலைட் நிறுவனம் யூனியன் கார்பைடு கைக்குப் போனது.

கடைசிக் காலத்தில் புளோரிடா வீட்டிலேயே அதிகம் இருந்தார். மனிதர்களிடம் இருந்து விலகி, டப்பா உணவைச் சாப்பிட்டுக்கொண்டு வாழ்ந்தார். 1944 பிப்ரவரி 23-ல், 80 வயதில், நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் நகரில் காலமானார். அவர் பயன்படுத்திய பேக்கலைசர் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இன்றைக்கு இது எதுக்கு?

மின்சார ஸ்கூட்டர், கார் பேட்டரிக்குள் தடித்த செம்புப் பட்டைகள் இருக்கும். அவற்றுக்கு எந்த உறை போடுவது? பொறியாளர்கள் இன்றும் இதைத்தான் யோசிக்கிறார்கள்.

பிவிசி உறை மலிவு, ஆனா சாதாரண வகை 70 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது. எபாக்ஸிப் பொடிப்பூச்சு பட்டையின் வளைவுகளிலும் நன்றாக ஒட்டும், ஆனா பூசியபின் பட்டையை வளைத்தால் விரிசல் விடலாம். பாலிஇமைடு படலம் மிக மெல்லியது, 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும், ஆனா விலை அதிகம். ஒரு செல் தீப்பிடித்தால் பக்கத்துக்குப் பரவாமல் தடுக்கப் பல பேட்டரிகளில் வைப்பது என்ன தெரியுமா? மைக்காத் தகடு! வடிவம் கொடுக்க முடியாது என்று ஒரு காலத்தில் மாற்றுத் தேடிய அதே மைக்கா.

அதனால், சிறந்த இன்சுலேஷன் எது என்று கேட்டால் ஒற்றை வரியில் பதில் கிடையாது. எவ்வளவு வோல்ட், எவ்வளவு சூடு, ஈரமும் தூசியும் படுமா, அந்த உலோகத்தோடு ஒத்துப்போகுமா, பொறி பறந்தால் என்ன ஆகும், கடைசியில் அதை எங்கே போடுவோம் என்று கேட்ட பிறகே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க முடியும். ஒரு பொருளின் குறை எந்த இடத்தில் தகுதியாக மாறும் என்று யோசித்ததுதான் பேக்லேண்டின் வெற்றி. பேயருக்குத் தொல்லையாகத் தெரிந்த கசடு, 35 வருஷம் கழித்து ஒரு தொழில்துறையாக எழுந்தது அப்படித்தான்.